நேர்ந்துவிட்ட கிடாவின் வயிறு

பருத்திக்கொட்டையை முந்தின நாளே ஊறப்போட்டு, காலையில் ஆட்டி, கருப்பட்டியும் கரைத்து வைத்த பிறகும் கிடா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. சௌந்தரபாண்டியனுக்குத் தன் மாமனார் ஞாபகம் வந்தது. அவரும் விருந்துக்கு வந்தால் இப்படித்தான். எல்லாவற்றையும் ஆக்கவிட்டுவிட்டுக் கடைசியில் மோர் போதும் என்பார்.

"அது வயித்தப் பாருங்க" என்றாள் சௌந்தரபாண்டியனின் மனைவி சீனித்தாய்.

பார்த்தார். இடது பக்க விலாவுக்கும் தொடைக்கும் நடுவில் பள்ளமாக இருக்கவேண்டிய இடம் மேடாக இருந்தது. விரலால் தட்டினால் காலிக் குடத்தின் சத்தம் கேட்டது. கிடா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது. அதற்கு அவர்கள் இருவர் மீதும் ஒரு மதிப்பும் இருந்ததாகத் தெரியவில்லை.

சௌந்தரபாண்டியன் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் நிற்பதைத் தவிர அவருக்கும் ஆட்டுக்கும் ஐம்பத்திரண்டு வயது வரை எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. சம்பந்தம் மகளால் வந்தது.

மகள் சத்யபிரியாவைப் புதியம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் ரெடிமேட் சட்டை தைக்கிறவர், தங்கமான பையன். ஆனால் அவளுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோது அவள் யாரிடமும் பேசவில்லை, அழவும் இல்லை. அதைத்தான் சௌந்தரபாண்டியனால் தாங்க முடியவில்லை. மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனதும் சீனித்தாய், கயத்தாறுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குலதெய்வமான சுடலைமாடனிடம், இந்தப் பிள்ளை தங்கினால் சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு ஒரு கிடா தருகிறேன் என்று நேர்ந்துவிட்டாள். தங்கியது. வளைகாப்பு முடிந்து மகள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே வேம்பூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளை உடம்பில் செம்பொட்டுப் போட்ட செம்மறிக் கிடாவும் வந்து சேர்ந்தது.

நேர்ந்த கிடாவை மாற்றக் கூடாது. ஊனம் இல்லாமல், தன் காலால் நடந்து கோயில் வாசலுக்குப் போகவேண்டும். அதற்கு முன்னால் அது செத்துக்கித்துப் போனால், சாமி வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டதாக அர்த்தம். கொடைக்கு அடுத்த மாதம் மகளுக்குப் பிரசவம்.

சௌந்தரபாண்டியன் சாமி, சகுனம் என்று அலைகிற ஆள் இல்லை. ஆனால் மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போதெல்லாம் அவர் கண் தானாகக் கிடாவின் வயிற்றுக்குப் போனது. அவருக்குப் பயமாக இருந்தது. வீட்டில் இரண்டு வயிறு, இரண்டும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

முதல் வயிற்றுப்போக்கும் முதல் உப்புசமும் தீவனக் கடை சுடலைக்கண்ணுவின் உபயம். கொடைக்குப் போகிற கிடா கொழுகொழுவென்று போக வேண்டாமா என்று அவன்தான் பருத்திக்கொட்டையும் கடலைப் புண்ணாக்கும் தாராளமாகக் கட்டிக் கொடுத்தான். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் சுதாராணி வந்து, எண்ணெயைப் புகட்டி, வயிற்றை அமுக்கி, கிடாவின் காற்று வெளியேறுகிற வரைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"காட்டுல மேஞ்ச ஆட்டக் கூட்டிட்டு வந்து ஒரே நாள்ல கல்யாணப் பந்தியில உக்கார வச்சா என்ன அண்ணாச்சி ஆகும்? தழையும் காஞ்ச கொடியும்தான் அதுக்குச் சாப்பாடு. புண்ணாக்கு, கொட்டையெல்லாம் ஊறுகா மாதிரி. ஊறுகாய யாராவது தட்டு நெறய வைப்பாவளா?"

நியாயமாகத்தான் பட்டது. சௌந்தரபாண்டியன் தழை தேடிப் புறப்பட்டார்.

பங்குனி மாதத்துக் கரிசலில் தழை தேடுவதும் வழுக்கைத் தலையில் பேன் தேடுவதும் ஒன்றுதான். நிலம் கையை விடுகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது. பச்சை என்று கண்ணில் பட்டதெல்லாம் வேலிக்கருவேல். விளாத்திகுளம் ரோட்டில் டிவிஎஸ் வண்டியை உருட்டாத குறையாக ஓட்டிப் போனவருக்கு, ஒரு கிணற்றடியில் அறுத்த சோளக் கட்டைகளிலிருந்து புதுத் துளிர் முழங்கால் உயரத்துக்குக் கிளம்பி நிற்பது தெரிந்தது. அப்படி ஒரு பச்சை. தோட்டக்காரர் அய்யாத்துரை, எவ்வளவு வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளுங்கள் என்றார். உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று சௌந்தரபாண்டியன் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

கிடா ஆசையாகத் தின்றது. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை வந்தது. கால் பின்னியது. சாராயக் கடையிலிருந்து வருகிற ஆளைப் போல நாலு பக்கமும் தள்ளாடிவிட்டு, துளசி மாடத்தில் முட்டி, படுத்துவிட்டது. சத்யபிரியா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சௌந்தரபாண்டியன் வண்டியை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. டாக்டரம்மாவைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பிப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டார்.

நரம்பில் ஊசி போட்ட பிறகு கிடா கண்ணைத் திறந்தது. அறுத்த கட்டையில் வரும் சோளத் துளிரில் விஷம் இருக்கும் என்றும், வாடிய இளம்பயிரும் அப்படித்தான் என்றும், இன்னும் ரெண்டு வாய் தின்றிருந்தால் ஊசிக்கும் வேலை இருந்திருக்காது என்றும் டாக்டர் சொன்னார். அய்யாத்துரையிடம் போய் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் சௌந்தரபாண்டியன். என் மாட்டை அந்தப் பக்கமே விடமாட்டேன், நீங்கள் ஆட்டுக்கு என்று சொல்லவில்லையே, தீப்பெட்டி ஆபீஸில் எதற்கோ வேண்டும்போல என்று இருந்துவிட்டேன் என்றார் அவர். கோபப்படுவதற்குக்கூட இவருக்குத் தெம்பில்லை.

கிடா பிழைத்ததே தவிரச் சோர்ந்து நின்றது. தெம்புக்கு என்ன கொடுக்கலாம் என்று மறுபடியும் சுடலைக்கண்ணுவிடம்தான் போய் நின்றார். பட்டும் புத்தி வராதவர் என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தெருவில் தீவனக் கடை அது ஒன்றுதான். அவன் தாது உப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பொட்டலத்தின் மேல் பசுமாட்டுப் படம் போட்டிருந்தது. இது மாட்டுக்கல்லவா என்று கேட்டதற்கு, மாடு பெரிசு, ஆடு சின்னது, அளவைக் குறைத்துப் போட்டால் சரியாய்ப் போச்சு என்றான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஊசி போட வந்த டாக்டர் சுதாராணி அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல செம்புச் சத்து இருக்கு அண்ணாச்சி. மாடு தாங்கும், வெள்ளாடுகூட ஓரளவு தாங்கும். செம்மறிக்கு ஆகவே ஆகாது. ஈரல்ல போய்ச் சேந்துகிட்டே இருக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் பொசுக்குன்னு விழுந்துரும்." பொட்டலத்தைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "இனிமே என்னத்தப் போடுறதா இருந்தாலும் எங்கிட்டக் காட்டிட்டுப் போடுங்க. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்" என்றார்.

சௌந்தரபாண்டியன் சொன்ன சொல் தவறாதவர். மறுநாளிலிருந்து டாக்டரின் மேசையில் தீப்பெட்டிகள் சேர ஆரம்பித்தன. ஒரு பெட்டியில் தவிடு, ஒன்றில் உளுந்தம்பொட்டு, ஒன்றில் அகத்தி இலை, ஒன்றில் வேலிக்கருவேல நெற்று. சந்தேகத்துக்கு இடமான ஒரு பெட்டியில் புழுக்கை. டாக்டர் ஒவ்வொன்றையும் திறந்து, முகர்ந்து, இது ஆகும் இது ஆகாது என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் அடுப்புப் பற்றவைக்கத் தன் வீட்டுத் தீப்பெட்டியைத் திறந்தபோது அதையும் முகர்ந்து பார்த்ததாகச் சொன்னார்.

கடைசியில் காய்ந்த உளுந்தங்கொடி, கொஞ்சம் அகத்தி, ஒரு கை தவிடு என்று முடிவானது. கொடியில் பூசணம் இருக்கிறதா என்று சௌந்தரபாண்டியன் ஒவ்வொரு கத்தையாக உதறி வெயிலில் காட்டினார். ஆபீஸில் குச்சி அடுக்கும் பெண்கள், காலையில் கிடாவுக்கு இளகிப் போனதா இறுகிப் போனதா என்று விசாரித்தார்கள். கேலிதான். அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாமல் நின்று விவரமாகப் பதில் சொன்னார். தன் வீட்டுச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு செவ்வாய்க்கிழமை கிடாவுக்கு வயிறு உப்பியது.

இறங்கியது. வெள்ளிக்கிழமை மறுபடியும் உப்பியது. அடுத்த செவ்வாயன்று கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு முனகியது. டாக்டர் அதன் வாயை முகர்ந்து பார்த்தார்.

"புளிச்ச வாடை அடிக்கி. பச்சரிசி தின்னிருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல. அரிசி இப்படி உள்ள போச்சுன்னா வயித்துக்குள்ள காடியாப் போயிரும், ஆடு தங்காது. வீட்ல யாரு குடுக்கா?"

யாரும் கொடுக்கவில்லை என்று சௌந்தரபாண்டியன் சத்தியம் செய்தார். அப்புறம் வீட்டுக்குள் போய்ச் சீனித்தாயைக் கேட்டார். அவள் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றாள். முப்பது வருஷத்தில் என்னை நம்பினது இவ்வளவுதானா என்று கேட்டாள். மகளைக் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, ஜன்னல் கதவை ஒருக்களித்து வைத்து, உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சீனித்தாய் தலைக்குக் குளித்து, செவ்வாய், வெள்ளிகளில் போகிறபடி மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். தெருமுனையில் அவர்கள் தலை மறைந்ததும் எதிர்வீட்டு பத்திரகாளி வந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். மடியிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து நீட்டினாள். கிடா தின்றது. அது தின்னும்போதே குனிந்து, வாயைக் கையால் மறைத்து, அதன் காதில் என்னவோ சொன்னாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்து பக்கத்து வீட்டு பாண்டிச்செல்வி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஓய்வு பெற்ற தபால்காரர் மாடக்கண்ணு, கைக்குட்டையில் முடிந்த அரிசியோடு. அவருக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர் வேப்பமரத்தடியில் முறைக்குக் காத்து நின்றார்கள். கிடாவும் ஒவ்வொருவருக்கும் காதை வாகாகச் சாய்த்துக் கொடுத்தது. நல்ல பழக்கமாகியிருந்தது. கடைசியாகத் தீவனக் கடை சுடலைக்கண்ணு வந்தான். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. தன் கடைக்கு எதிரே இன்னொருத்தன் தீவனக் கடை போடப் பார்க்கிறான், அது வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவன் கிடாவிடம் விண்ணப்பம் செய்தது ஜன்னல் வரை கேட்டது.

சௌந்தரபாண்டியன் வெளியே வந்தார். ஓடினவர்கள் போக பத்திரகாளி மட்டும் அவள் வாசலில் நின்றாள். கோபமாகத்தான் கேட்க நினைத்தார். குரல் களைப்பாகத்தான் வந்தது.

"என்ன தாயி இதெல்லாம்?"

"நேரா சாமிகிட்டப் போற கிடால்லா அண்ணாச்சி" என்றாள் அவள். "நம்ம இங்கன இருந்து கத்துனா அங்கன கேக்கோ என்னமோ. இது போயி நேர்ல சொல்லிரும்."

"சரி, சொல்லட்டும். அரிசி எதுக்கு?"

"வெறுங்கைய வீசிட்டு வந்து கேட்டா நல்லாவா இருக்கும்?"

கிடாவைப் பின்கட்டுக்கு மாற்றிக் கதவைப் பூட்டினார். அன்றோடு தெருவுக்கும் அவருக்கும் பேச்சு அறுந்தது. தன் மகளுக்கு மட்டும் நல்லது நடக்க வேண்டும், மற்றவன் குடும்பம் எக்கேடு கெட்டால் என்ன என்று பூட்டி வைத்துக்கொண்டார் பார் என்று மாடக்கண்ணு டீக்கடையில் நியாயம் பேசினார்.

அரிசி நின்றதும் கிடா சாப்பாட்டை நிறுத்தியது. உளுந்தங்கொடியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. அகத்தியை மிதித்தது. இதற்கு மருந்து பசிதான் என்று டாக்டர் கைவிரித்தார். நீங்களாக எதையும் ஊட்டாதீர்கள், பசித்தால் அது பட்டினி கிடக்காது, கண்மாய்ப் பக்கம் நடத்திக்கொண்டு போங்கள், கால் நடந்தால் வாய் தானாக மேயும் என்றார். அதனால் கோவில்பட்டியில் அந்தச் சித்திரை மாதம், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி, காலையிலும் சாயங்காலமும் ஒரு கிடாவைக் கயிற்றில் பிடித்தபடி வறண்ட கண்மாய்க்குள் நடந்ததைப் பலர் பார்த்தார்கள். கிடா நின்றால் நின்றார். அது ஒரு புல்லைக் கடித்தால், அது என்ன புல் என்று குனிந்து பார்த்தார். தெரியாத புல்லாக இருந்தால் கயிற்றை இழுத்தார். மெதுவாக அது மேய ஆரம்பித்தது. வயிற்றுப் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. உடம்பு தேறியது. ரோமம் பளபளத்தது. நாட்களும் கழிந்தன.

கொடையன்று வேனிலிருந்து இறங்கி, கிடா தன் காலால் நடந்து கோயில் வாசலுக்குப் போனது. ஊனம் இல்லை, உப்புசம் இல்லை. சௌந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கியது. மகள் நிறை வயிற்றோடு வேனிலிருந்து பிடித்து இறக்கப்பட்டு, வேப்பமர நிழலில் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பூசாரி இசக்கிமுருகன் மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். மேளம் நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

கிடா உதறவில்லை.

இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட அப்படியே நின்றது. மூன்றாவது சொம்புக்குக் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. என்ன குறையோ, யார் தீட்டோ என்று ஒரு கிழவர் ஆரம்பித்தார். சீனித்தாய் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சத்யபிரியா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

அப்போதுதான் சௌந்தரபாண்டியன் கவனித்தார். கிடா ஒரு காதை வாகாகச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றது. யாரோ வந்து சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருப்பதுபோலக் காத்திருந்தது.

தெருவே அதனிடம் கேட்டுவிட்டது. அவர்தான் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்தார். வெட்கமாக இருந்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அதன் காதில் சொன்னார்.

"ஏலே, எம்பிள்ள நல்லபடியாப் பெத்து எந்திரிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். எனக்குன்னு கேட்டா, இனிமே ஒரு ஆட்டு மூஞ்சில முழிக்காம இருந்தாப் போதும்."

கிடா தலையிலிருந்து வால் வரை ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து உதறியது. மஞ்சள் தண்ணீர் அவர் சட்டையெல்லாம் தெறித்தது. குலவைச் சத்தம் கிளம்பியது. மேளம் அடித்து நொறுக்கியது. சீனித்தாய் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகள் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்து சௌந்தரபாண்டியன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எல்லாம் முடிந்து, கறிச்சோறு கொதிக்கிற வாடை வருகிற நேரத்தில் அவர் கோயில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தார். உடம்பில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக இறங்கிப் படுத்துக்கொண்டது. விபூதி கொண்டுவந்த இசக்கிமுருகனிடம், நேர்ந்தது முடிந்தது, தவிடும் கொடியும் இனி நமக்கு வேண்டாம், நாளையிலிருந்து மனுஷனாக ஆபீஸுக்குப் போகலாம் என்றார்.

பூசாரி அவர் நெற்றியில் பதமாக விபூதியைப் பூசிவிட்டுச் சொன்னார்: "அதெப்படி அண்ணாச்சி முடியும், இந்தக் கிடா சீக்குல விழுந்தப்பல்லாம் 'இது பிழைச்சு எந்திரிச்சா இன்னொரு கிடா தாரேன்'னு ஒங்க வீட்டம்மா எனக்கு போன் போட்டுச் சொல்லி நேந்துக்கிட்டாவள்லா, அந்த அஞ்சு கிடா அடுத்த கொடைக்கு வரணும்லா."